லைசென்ஸ் துப்பாக்கியைக் குழல் கெடாமல் துடைப்பது எப்படி

ஆனைகட்டி, சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கிகள் சுட்டுத் தேய்வதில்லை. தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டு, மாசக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடந்து துருவேறுகின்றன. அந்தத் துருவுக்கு உப்புத்தாள் போட்டால் குழல் போச்சு.

தோட்டாக்களை முதலில் வேறு அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டி, ட்ரிகரில் விரல் படாமல் லிவரைத் தள்ளி மடக்குங்கள். இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். பிறகு குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை எடுத்துக் குழலைத் தனியே கழற்றுங்கள்.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். கருப்பு வளையம் தெரிந்தால் குழல் உப்பியோ நசுங்கியோ இருக்கிறது. லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி ரிப்பேர்க்காரர்) காட்டாமல் சுடவே கூடாது.

குழல் கழுவும் கன் சால்வென்ட், இல்லையென்றால் சீமெண்ணெய், துணியில் நனைத்து உள்ளே ஓட்டிப் 10 நிமிஷம் ஊறவிடுங்கள். அடுப்பு பக்கத்தில் வேண்டாம். 12 போருக்கான வெண்கல பிரஷைத் தோட்டா போடும் பக்கமிருந்தே விடுங்கள். குழல் வாய்க்கு வெளியே முழுசாக வந்த பிறகே திருப்பி இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் கம்பிகள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். எட்டுப் பத்து தடவை போதும். இரும்புக் கம்பி பிரஷ் கீறிவிடும், அந்தக் கீறலில்தான் அடுத்த துரு பிடிக்கும்.

துடைக்கப் பழைய பருத்தி வேட்டி நல்லது. கனமாக மடிக்காதீர்கள்: சோக் உள்ள குழல் வாயருகே 1 மி.மீ. வரை குறுகும், அதுவரை வழுக்கிப்போன துணி அங்கே இறுகிவிடும். இறுகினால் வாய்ப் பக்கமிருந்து ராடால் பின்னுக்குத் தள்ளுங்கள். சுட்டு வெளியேற்ற நினைத்தால் குழல் வெடிக்கும்.

துணி வெள்ளையாக வந்ததும், தையல் மெஷின் எண்ணெய் 3, 4 சொட்டு விட்ட துணியை ஒருமுறை ஓட்டுங்கள். காங்கேயத்துச் செக்கில் ஆட்டியதே ஆனாலும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளானால் பிசினாகி, தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்தால் கருநீலப் பூச்சே உரிந்துவிடும்.

மடங்கும் இடத்துக்கு மிளகளவு கிரீஸ். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். துப்பாக்கியை அதில் போடாமல், குழல் வாய் கீழே பார்க்க நிறுத்திப் பூட்டுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கி மரக்கட்டையை ஊறவைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 15 நாளைக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சுடுவதற்கு முன் உள்ளே இருக்கும் எண்ணெயைக் காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும்.