இஐஆர் கிராண்ட்: முதல் தடவை அப்ளை பண்றவங்க எங்க ஆரம்பிக்கணும்

அமெரிக்காவுல வசதியில்லாத வீட்டுப் பசங்க, ஃபாஸ்டர் கேர்ல வளர்ற பசங்க, இங்கிலீஷ் இப்பதான் கத்துக்கிற பசங்க, இவங்கல்லாம் அதிகமா படிக்கிற ஸ்கூல்ல ஒரு புது பாடமுறைய செஞ்சு பாக்கணும்னா ஃபெடரல் கல்வித்துறையோட 'எஜுகேஷன் இன்னோவேஷன் அண்ட் ரிசர்ச்' கிராண்ட் இருக்கு, சுருக்கமா இஐஆர். இதுக்கு முன்னாடி ஐ3ன்னு ('இன்வெஸ்டிங் இன் இன்னோவேஷன்') இருந்துச்சு, 2010ல முதல் ரவுண்டுலயே 49 ப்ராஜெக்டுக்கு சுமார் 65 கோடி டாலர் போச்சு. 2015ல வந்த எஸ்ஸாங்கிற ஃபெடரல் பள்ளிக்கல்விச் சட்டத்துக்கு அப்புறம்தான் இந்தப் பேரு.

ஸ்டெப் 1: கையில என்ன ஆதாரம் இருக்குன்னு பாருங்க

ஏர்லி-ஃபேஸ், மிட்-ஃபேஸ், எக்ஸ்பான்ஷன்னு மூணு படி. உங்க முறை பலன் தருதுங்கிறதுக்கான ஆதாரம் ஏற ஏற பணமும் ஏறும். புதுசா வர்றவங்க ஏர்லி-ஃபேஸ்லயே போங்க, சமீப ரவுண்டுகள்ல அதுக்கே 40 லட்சம் டாலர் வரைக்கும் கெடச்சிருக்கு.

ஸ்டெப் 2: லாஜிக் மாடல்

நீங்க செய்யப்போறது எப்படிப் படிப்படியா பலனுக்குக் கொண்டுபோகும்னு அம்புக்குறி போட்டுக் காட்டுற படம்தான் இது. இதுக்குத்தான் நெறைய டைம் ஒதுக்கணும். உதாரணத்துக்கு ஒன்பதாவதுல அல்ஜீப்ரால ஃபெயிலாகுற பசங்களுக்கு டியூட்டரிங்னு வெச்சுக்கங்க, வாரத்துக்கு எத்தன நாள், ஒரு டியூட்டருக்கு எத்தன பசங்க, அதனால முதல்ல என்ன மாறும், ஹோம்வொர்க்கா அட்டெண்டன்ஸா, அப்புறம்தான் மார்க், இப்படி ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பின்னாடி ஏற்கெனவே வந்த ஒரு ஆராய்ச்சிய காட்டணும். "தன்னம்பிக்கை வளரும்"னு மட்டும் எழுதாதீங்க, அத எப்படி அளக்கப்போறீங்கன்னும் சேத்து எழுதுங்க.

ஸ்டெப் 3: வெளி எவாலுவேட்டர்

உங்க ப்ரோக்ராம நீங்களே மதிப்பிட முடியாது. ப்ரபோஸல் எழுத ஆரம்பிக்கும்போதே ஒருத்தர பிடிச்சிடுங்க, கடைசில சேத்தா டிசைன் ஒட்டாது. கல்வி ஆராய்ச்சிகளோட தரத்த மதிப்பிடுற ஃபெடரல் அமைப்பான 'வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ்' விதிப்படி, குலுக்கல் முறையில பிரிக்காத ஸ்டடில ப்ரோக்ராம்ல இருக்கிற, இல்லாத ரெண்டு குரூப்போட ஆரம்ப மார்க் வித்தியாசம் 0.25 ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு (மார்க் எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்ற அளவு) மேல போனா அந்த ஸ்டடி தேறாது. நடுவுல ஸ்கூல் மாறிப் போற பசங்க இங்க ஜாஸ்திங்கிறதால முடிவுல யார் மிஞ்சுவாங்கன்னு இப்பவே கணக்கு போடுங்க, இந்தப் பசங்களுக்கு நெஜமாவே பலன் இருந்துச்சான்னு தெரியாமப் போயிட்டா நஷ்டம் அவங்களுக்குத்தான்.

ஸ்டெப் 4: பேப்பர் வேலை

தனி டீச்சரா அப்ளை பண்ண முடியாது, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், மாநில கல்வித்துறை, நான்-ப்ராஃபிட் மாதிரி அமைப்புகள்தான் பண்ணலாம். கிராண்ட் தொகையில 10% அளவுக்கு மேட்சிங், அதாவது உங்க பங்கு, வெளிய இருந்து கொண்டு வரணும், பணமாவோ பொருள் உதவியாவோ இருக்கலாம். குறைஞ்சது 25% நிதி கிராமப்புறத்துக்குன்னு சட்டத்துலயே இருக்கு, உங்க டிஸ்ட்ரிக்ட் அதுல வருதான்னு பாருங்க. ஃபெடரல் நிதி வாங்குற அமைப்புகள் பதிவு பண்ற அரசு வெப்சைட்டான சாம்.கவ்ல (SAM.gov) ரெஜிஸ்ட்ரேஷன் முடிய வாரக்கணக்குல ஆகலாம், அதனால அறிவிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே போட்டுடுங்க.