கட்டளைவரியிலிருந்து ஜாவா சர்வரைக் கண்காணிப்பது எப்படி

சர்வர் மெதுவாகிவிட்டது என்று புகார் வந்ததும் பலரும் முதல் வேலையாக அதை நிறுத்தி மீண்டும் இயக்கிவிடுகிறார்கள். பயனர்களுக்கு நிம்மதி கிடைத்தாலும், கோளாறு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் அந்த நொடியிலேயே அழிந்துபோகிறது. ஜாவா நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பான ஜேடிகே-யுடன் சேர்ந்தே வரும் சில கருவிகளைக் கொண்டு இரண்டு மூன்று நிமிடங்களில் அந்தத் தடயத்தைச் சேகரித்துவிடலாம்.

முதலில் 'ஜேபிஎஸ் -எல்' என்ற கட்டளையை இயக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரல்களின் பிராசஸ் எண்ணும் (இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் அடையாள எண்) முதன்மை வகுப்பின் முழுப்பெயரும் கிடைக்கும். சர்வர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அதே பயனராக இருந்து இயக்குவதே நல்லது. இல்லையென்றால் பட்டியலில் அது தென்படாமலே போகலாம்.

அடுத்தது நினைவகம். 'ஜேஸ்டாட் -ஜிசியூட்டில்' என்பதற்குப் பின் பிராசஸ் எண்ணையும், அதைத் தொடர்ந்து 1000, 10 ஆகிய எண்களையும் கொடுத்தால், 1000 மில்லிநொடிக்கு ஒருமுறையாகப் பத்து வரிகள் வரும். அவற்றில் 'ஓ' என்ற பத்தி பழைய தலைமுறைப் பகுதி (நீண்ட நேரம் நிலைத்திருக்கும் பொருள்கள் தங்கும் நினைவகப் பகுதி) எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்பதையும், 'எஃப்ஜிசி' முழுக் குப்பைச் சேகரிப்பு (இனித் தேவைப்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் வேலை) எத்தனை முறை நடந்தது என்பதையும் காட்டும். 'ஓ' 90 விழுக்காட்டில் நிற்பதைக் கண்டு மட்டும் பதற வேண்டியதில்லை, ஏனென்றால் சேகரிப்பு நடக்கும்வரை அது ஏறுவது இயல்பு. 'எஃப்ஜிசி' கூடிக்கொண்டே போயும் 'ஓ' இறங்கவில்லை என்றால்தான் நினைவகம் கசிகிறது, அல்லது ஹீப் (ஜாவா பொருள்கள் தங்கும் நினைவகம்) அளவு போதவில்லை என்று கொள்ள வேண்டும்.

பெரும்பாலான சிக்கல்களின் விடை த்ரெட்டுகளில்தான், அதாவது நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை இழைகளில்தான் இருக்கிறது. 'ஜேஸ்டாக்' கட்டளைக்குப் பிராசஸ் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதித் தரும். இதை ஒருமுறை எடுத்தால் போதாது. பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை எடுத்து, மூன்றிலும் அதே இடத்தில் நிற்கும் த்ரெட்டுகளையே ஆராய வேண்டும். ஒருமுறை நான் கவனித்த டாம்கேட் (ஜாவா வலைப் பயன்பாடுகளை இயக்கும் மென்பொருள்) சர்வரில் சிபியு ஓய்வாக இருந்தது, நினைவகமும் தாராளமாக இருந்தது. ஆனால் எந்தக் கோரிக்கைக்கும் பதில் இல்லை. டாம்கேட்டின் இயல்பான மேல்வரம்பான 200 த்ரெட்டுகளும் டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று கிடைக்காதா என்று ஒரே வரியில் காத்துக் கிடந்ததை மூன்று பதிவுகளும் காட்டின. பிழை நேரும்போது மட்டும் செல்லும் ஒரு பாதையில், எடுத்த இணைப்பைத் திருப்பித் தராமல் விட்டிருந்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை: 'ரன்னபிள்' என்று குறிக்கப்பட்ட த்ரெட் உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் நெட்வொர்க்கிலிருந்து பதில் வரக் காத்திருக்கும் த்ரெட்டும் அப்படியே காட்டப்படலாம்.

சிபியு உச்சத்தில் இருந்தால் வழி வேறு. லினக்ஸில் 'டாப்' கட்டளையைப் பெரிய எச் விருப்பத்துடனும், சிறிய பி விருப்பத்தில் பிராசஸ் எண்ணுடனும் இயக்கினால், அதிகம் உழைக்கும் த்ரெட்டின் எண் தெரியும். அது 12345 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பதினாறுநிலை எண்ணாக மாற்றினால் 3039. ஜேஸ்டாக் பதிவில் 'என்ஐடி' என்ற இடத்தில் அந்த எண்ணைத் தேடினால் குற்றவாளி வரி கிடைத்துவிடும். அண்மைக்கால ஜேடிகே பதிப்புகளில் இது பதின்ம எண்ணாகவே அச்சாவதால், மாற்றாமலே தேடலாம்.

நினைவகத்தை நிரப்பும் பொருள்கள் எவை என்று அறிய 'ஜேமேப்' கட்டளையின் 'ஹிஸ்டோ' விருப்பம் உதவும். அதனுடன் 'லைவ்' என்று சேர்த்தால் முழுக் குப்பைச் சேகரிப்பு நடந்து, சர்வர் சற்று நேரம் உறைந்து நிற்கும். ஹீப்பை முழுமையாகக் கோப்பில் எழுதுவது இன்னும் கனமான வேலை; கோப்பும் ஹீப் அளவுக்கு வளரக்கூடும் என்பதால், வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

ஜேஸ்டாக்குக்குக்கூட சர்வர் பதில் சொல்லவில்லை என்றால், 'கில் -3' என்ற கட்டளையை அனுப்பிப் பாருங்கள். எண் 3 என்பதைத் தவறாமல் கொடுத்தால் அது சர்வரை நிறுத்தாது; த்ரெட் பதிவைச் சர்வரின் வழக்கமான வெளியீட்டில் எழுத வைக்கும், டாம்கேட்டில் அது பெரும்பாலும் 'கேட்டலினா.அவுட்' கோப்பாக இருக்கும். கிடைத்த வெளியீடுகள் அனைத்தையும் நேரம் குறித்துக் கோப்புகளாகச் சேமித்த பிறகு சர்வரை மீண்டும் இயக்கலாம்.