எண்ணெய் வாங்கும்போது லிட்டரா, கிலோவா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் செக்குத் தேங்காயெண்ணெயை ஒரு கடையில் லிட்டராகவும் அடுத்த கடையில் கிலோவாகவும் விற்பதால், விலையை அப்படியே ஒப்பிடுவது தவறாகிவிடும். தேங்காயெண்ணெய் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதே காரணம்.

இதை வீட்டுத் தராசிலேயே சரிபார்க்கலாம். என்னிடம் உள்ள கண்ணாடிப் புட்டி வெறுமையாக 180 கிராம். கழுத்துவரை தண்ணீர் நிரப்பினால் 680 கிராம். ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால், புட்டியின் கொள்ளளவு 500 மில்லி. நன்றாகத் துடைத்து உலர்த்திய பின், அதே அளவுக்கு எண்ணெய் ஊற்றியபோது எடை 638 கிராம். எண்ணெயின் நிறை 458 கிராம். அதைக் கொள்ளளவான 500 மில்லியால் வகுத்தால் அடர்த்தி சுமார் 0.916.

ஆகவே லிட்டர் விலையை 0.916ஆல் வகுத்தால் கிலோ விலை கிடைக்கும். லிட்டர் 300 ரூபாய் என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 327 ரூபாய். பக்கத்துக் கடையில் கிலோ 320 என்றால் அதுவே மலிவு. மார்கழிக் குளிரில் உறைந்த எண்ணெயை உருக்கிய பிறகே அளக்க வேண்டும், ஏனெனில் உறையும்போது அதன் கன அளவு சுருங்கும்.

தேனுக்கு இக்கணக்கு நேர்மாறு: ஒரு லிட்டர் நல்ல தேன் சுமார் 1.4 கிலோ நிற்கும்.