மின்தடை நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

நான்கைந்து இழுப்பில் கிளம்பாத ஜெனரேட்டர் நாற்பது இழுப்பிலும் கிளம்பாது. தோள்பட்டை வலிதான் மிஞ்சும். கயிற்றை விட்டுவிட்டு, கீழே உள்ள வரிசைப்படி பாருங்கள். வீட்டுக்கென வாங்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களுக்கு இது பொருந்தும்.

அதற்கு முன் ஒன்று. மழை என்றாலும் இருட்டு என்றாலும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, கார் நிறுத்தும் அறையிலோ ஓட்டாதீர்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வீட்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பி இருக்குமாறு வையுங்கள்.

படி 1: கருவி எதுவும் தேவையில்லாத சோதனைகள்

இன்ஜின் சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பதற்றத்தில் பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். அடுத்து ஆயில். பெரும்பாலான மாடல்களில் ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. தரை சரிவாக இருந்தாலும் அது ஏமாந்துபோய் இன்ஜினைக் கிளம்ப விடாது. சமதளத்தில் வைத்து அளவு பாருங்கள்.

படி 2: சோக்

சோக் என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சிறு கைப்பிடி. குளிர்ந்த இன்ஜினுக்கு அதை மூட வேண்டும். ஓடிச் சூடான இன்ஜினுக்குத் திறந்திருக்க வேண்டும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், உள்ளே பெட்ரோல் தேங்கிவிட்டது என்று பொருள். சோக்கைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து இழுங்கள்.

படி 3: பழைய பெட்ரோல்

மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஜெனரேட்டர் என்றால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகு இருக்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. பெட்ரோல் குழாயைத் திறந்து வைத்தபடியே அந்தத் திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள்.

நிறம் அடர்ந்து, வார்னிஷ் வாடை அடித்தால் அது கெட்ட பெட்ரோல். அடியில் தெளிவான குமிழ்களாகத் தனியே நின்றால் அது தண்ணீர். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: டேங்கை முழுவதும் காலிசெய்து புதுப் பெட்ரோல் ஊற்றுவது. ஒன்றுமே வடியவில்லையா? டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே வடியத் தொடங்கினால் மூடியில் உள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் பெட்ரோல் வடிகட்டியைப் பாருங்கள்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் சோக் மூடியிருக்கும்போது மட்டும் ஓடினால், கார்புரேட்டரின் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையில், பிசின் படிந்திருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

படி 4: ஸ்பார்க் பிளக்

இன்ஜினுக்குள் பொறி கொடுத்துப் பெட்ரோலைப் பற்றவைப்பது இதுதான். கழற்றி அதன் முனையைப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் என்றால் நலம். கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பலமுறை இழுத்தும் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பொறி தாவும் முனைகளுக்கு நடுவே இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கும். சந்தேகமாக இருந்தால் புதுப் பிளக்கைப் போட்டுவிடுங்கள். உதிரியாக ஒன்றை எப்போதும் வைத்திருப்பது நல்லது.

படி 5: இன்ஜின் ஓடுகிறது, மின்சாரம் வரவில்லை

எல்லா இணைப்புகளையும் பிடுங்கிவிட்டு, ஜெனரேட்டரில் உள்ள பிரேக்கரை மேலே தள்ளி, ஒரே ஒரு விளக்கைப் போடுங்கள். எரிந்தால் ஜெனரேட்டரில் கோளாறு இல்லை, சுமைதான் அதிகம். ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், ஒவ்வொன்றாகப் போடுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் வோல்டேஜ் ரெகுலேட்டர், கார்பன் பிரஷ் போன்றவற்றில் கோளாறு இருக்கலாம். அது தெரிந்தவர்கள் கைவைக்க வேண்டிய இடம்.

சுவர் பிளக்கில் ஜெனரேட்டர் வயரைச் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, அங்கே பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து, வெளிமின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் வீட்டை இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள்.

மின்சாரம் திரும்பியதும் சுமையை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பிறகு சுவிட்சை அணைப்பதற்குப் பதிலாகப் பெட்ரோல் குழாயை மூடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நின்றுவிடும். அதன் பிறகு சுவிட்சை அணையுங்கள்.