லேப்டாப் குழுவின் தாளம் மேடையில் பிசகாமலிருக்க

மேடையில் இசை வாசிக்கும் நான்கைந்து லேப்டாப்களை ஏபிள்டன் லிங்க் (இசை மென்பொருள்களின் டெம்போவையும் அடியையும் நெட்வொர்க் வழியே ஒன்றாக்கும் வசதி) மூலம் ஒரே தாளத்தில் ஓட்டுவதென்றால், எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரண 8 போர்ட் ஈதர்நெட் சுவிட்ச் ஒன்றில் கேபிள் போட்டு இணையுங்கள். ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஐபி முகவரியைத் தானாகப் பெறும்படி விட்டால் போதும். சற்று நேரத்தில் ஒவ்வொன்றும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

லிங்க்கில் தலைவர் என்று எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது. யுடிபி பாக்கெட்டுகள் எனும் சின்னச் சின்னத் தகவல் துண்டுகளை அனுப்பிக்கொண்டு ஒன்றின் கடிகாரத்தை மற்றது சரிபார்த்துக்கொள்ளும். ஒத்திகை அறையில் வைஃபை நன்றாகவே வேலை செய்யும். அரங்கில் நூற்றுக்கணக்கான போன்கள் அதே அலைவரிசையில் நெருக்கும்போது பாக்கெட்டுகள் தாமதமாகும், தொலைந்தும் போகும்.

விண்டோஸில் மற்றவர்கள் தெரியவில்லையென்றால் ஃபயர்வாலைப் பாருங்கள்; புது நெட்வொர்க்கை அது ‘பப்ளிக்’ என வகைப்படுத்தித் தடுத்திருக்கும். டெம்போ ஒன்றாக இருந்தும் முதல் அடி இடம் மாறி விழுந்தால், குவாண்டம், அதாவது எத்தனை அடிக்கு ஒரு சுற்று என்ற அமைப்பு, எல்லோரிடமும் ஒரே எண்ணா (பெரும்பாலும் 4) என்று பாருங்கள். ஒரு லேப்டாப்பின் ஒலி எப்போதும் ஒரே அளவு பிந்தினால் பழியை நெட்வொர்க் மேல் போடாதீர்கள், அது பெரும்பாலும் சவுண்ட் கார்டின் தாமதம்.

ஐபேடோ போனோ குழுவில் இருந்தால் இது மட்டும் போதாது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரவுட்டர் ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து சேர்ந்து வாசிக்கவும் இது உதவாது, லிங்க் ஒரே உள்ளூர் நெட்வொர்க்குக்குள் இயங்குவது. தாளக்கட்டே இல்லாத இசைக்கு லிங்க்கே தேவையில்லை.