பிரெஞ்சு இமர்ஷன் ஒன்றாம் வகுப்பு: காலை வட்டத்தை நடத்துவது எப்படி?

கனடாவில் இமர்ஷன் வகுப்புக்கு முதன்முறையாக உதவப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1965இல் மொன்றியலை அடுத்த சென் லாம்பேரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் போராடிப் பெற்ற முறை இது. இங்கே பிரெஞ்சு தனிப் பாடம் மட்டுமல்ல, கணக்கும் பிரெஞ்சில்தான். முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு ஒன்றுமே புரியாது. அவர்களைக் கரையேற்றுவது காலையில் தரைவிரிப்பில் வட்டமாக உட்காரும் அந்த இருபது நிமிடம்தான். (கீழே உள்ள உச்சரிப்புகள் தமிழ் எழுத்தில் ஏறக்குறையத்தான் வரும்.)

படி 1: கழிப்பறை வாக்கியம்

வணக்கம் சொல்வதற்கு அடுத்து இதுதான். "எஸ் க ஜ பெ அலே ஓ துவாலெத்?" படத்தோடு கதவருகே ஒட்டுங்கள். தேவைக்குக் கற்ற வாக்கியம் மறப்பதில்லை. ஆனால் நெளிந்துகொண்டு நிற்கும் பிள்ளையிடம் முழு வாக்கியத்தையும் எதிர்பார்த்து நிற்காதீர்கள். நான் ஒருமுறை நின்றேன். பிறகு வாளியும் துடைப்பமும் தேடி ஓடியதும் நானேதான்.

படி 2: நாளும் வானிலையும்

அன்றைய உதவியாளராக ஒரு குழந்தையை அழையுங்கள். அவர் நாட்காட்டியில் அட்டையை மாட்டி, "ஒஜூர்துயி, சே லன்தி" என்பார், இன்று திங்கள். பிறகு சன்னலுக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். "இல் ஃபே ஃப்ருவா" என்றால் நீங்கள் நடுங்கிக் காட்டுங்கள், "இல் ப்ளெ" என்றால் குடை விரியுங்கள். மொழிபெயர்க்க மட்டும் வேண்டாம். ஆங்கிலச் சொல் கிடைத்துவிட்டால் பிரெஞ்சுச் சொல்லைக் குழந்தை காதில் போட்டுக்கொள்ளாது.

படி 3: பெயர்ச்சொல் அட்டைகள்

நமக்கு நாற்காலி அஃறிணை, அத்தோடு முடிந்தது. பிரெஞ்சில் நாற்காலி பெண்பால், பென்சில் ஆண்பால். பெரும்பாலும் காரணம் கேட்டுப் பயனில்லை. ஆகவே "ஷேஸ்" என்று மட்டும் கற்பிக்காமல் பெண்பாலைக் காட்டும் "யுன்" சேர்த்து "யுன் ஷேஸ்" என்றே கற்பியுங்கள். பெண்பால் அட்டைக்குச் சிவப்பு, ஆண்பாலுக்கு நீலம் என்று நிறம் பிரித்தால் கண்ணே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு நாளுக்கு ஐந்து சொல் போதும்.

படி 4: இன்றைய ஒலி

ஓ, யூ (o, u) என்னும் இரண்டு எழுத்தும் சேர்ந்தால் "ஊ". ஓ, ஐ (o, i) சேர்ந்தால் "உவா". ஈ, ஏ, யூ (e, a, u) மூன்றும் சேர்ந்து வெறும் "ஓ"! ஆங்கில எழுத்து தெரிந்த குழந்தை இங்கேதான் தடுமாறும். சுவரில் உள்ள சொற்களில் அந்த ஒலியைத் தேடி வட்டமிடச் சொல்லுங்கள்.

நடுவே யாராவது ஆங்கிலத்தில் "இட்ஸ் ஸ்னோயிங்!" என்று கத்துவார்கள். அதட்ட வேண்டாம். "வீ, இல் நேஜ்!" என்று அதே உற்சாகத்தோடு திருப்பிச் சொல்லுங்கள். சில வாரங்களில் அதே குழந்தை "இல் ஸ்னோ" என்று கலந்து சொல்லும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னொரு முறை "இல் நேஜ்" என்று சொல்லுங்கள்.