கோப்பையை உயர்த்தும் முன்

லண்டனில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, கூட வேலை செய்பவரின் கல்யாணத்தில் "நீயும் நாலு வார்த்தை பேசு" என்று அழைப்பு வருவது உண்டு. ஆங்கிலேயர் கல்யாண விருந்தில் வழக்கமாக மூன்று பேர் பேசுவார்கள்: பெண்ணின் அப்பா, பிறகு மாப்பிள்ளை, கடைசியில் மாப்பிள்ளைத் தோழன். உங்கள் முறை எப்போது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய 400 வார்த்தை. அதற்குள் ஒரே ஒரு சம்பவம். உங்களை அழைத்த நண்பரின் நல்ல குணங்களை அடுக்குவதைவிட, நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது அவர் சூப் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியதைச் சொல்லுங்கள். அதுதான் மனதில் நிற்கும். அவருடைய துணையைப் பற்றியும் அன்பாக ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டாருக்கு மனசு வாடும். பழைய காதல் பேச்சு அறவே வேண்டாம், சிரிப்புக்காகக்கூட. தாத்தா பாட்டி எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள்.

முடிக்கும்போது எல்லோரையும் எழச் சொல்லி, கோப்பையை உயர்த்தி, மணமக்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஒரு வாய் குடிக்கும். யாருக்காகக் கோப்பை உயர்கிறதோ, அவர்கள் எழுவதும் குடிப்பதும் வழக்கமில்லை, புன்னகைத்தால் போதும்.

மது தொடாதவர்கள் தயங்க வேண்டாம். ஜூஸ் போதும், ஆனால் பேச எழுவதற்கு முன்பே ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், குறிப்புகளைப் போனில் வைக்காமல் சின்ன அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். கை நடுங்கும் நேரத்தில் அணைந்த திரையைத் திறக்க வராது.